லாரி கவிழ்ந்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? நான் சுகம். வேலைதான் போய்விட்டது. பதற வேண்டாம். அழவில்லை, கோபத்தில்தான் இருக்கிறேன்.

சக்கர நாற்காலி விற்கும் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறேன் என்றேனே. ஒரு வயதான பெண்மணி கணவருக்காக ஒரு நாற்காலிக்குப் பணம் கட்டிவிட்டு, எப்போது வரும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னிடம், "நீங்க சனிக்கிழமை லைப்ரரியில கதை சொல்றவங்கதானே? அவங்களுக்கும் ஏதாவது கதை விடுங்க" என்றார். வேலை நிரந்தரமாக இரண்டே வாரம் இருந்தது. நாற்காலி ஏற்றி வந்த லாரி கவிழ்ந்துவிட்டது என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி மறுபடி கூப்பிட்டார். நாற்காலியைக் கேட்கவே இல்லை. "டிரைவருக்கு அடி ஒண்ணும் படலையேம்மா?" என்றார்.

எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. "லாரியே கிளம்பலைம்மா. பணத்தைத் திருப்பிக் கேளுங்க" என்றேன். மேனேஜர் ஓடி வந்து கத்தினார். "எனக்குக் கதை சொல்லத்தான் தெரியும் சார், விடத் தெரியாது" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கதையை மூட்டை கட்டிவிட்டு நிலையான வேலையைப் பார் என்று இனி எழுதாதீர்கள். வேலையும் தேடுவேன், கதையும் சொல்வேன்.

டிகிரி சான்றிதழ் நகல் இரண்டு அனுப்புங்கள். நான் போன் செய்தால் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்சம் பேசுங்கள்.

லைப்ரரிக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் வந்திருப்பார்கள்.

உங்கள் மகள்