டப்பாவில் இரண்டு சிரிஞ்சு

என்னங்க, இன்று காலை மாத்திரை அட்டையைத் தேடி அலமாரியின் மேல்தட்டைத் துழாவியபோது அந்தப் பிளாஸ்டிக் டப்பா கையில் பட்டது. உள்ளே இரண்டு சிரிஞ்சு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்து எண்ணினேன். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே.

எனக்கும் சுகர் வந்துவிட்டது. மகள் புதுச்சேரியிலிருந்து தினமும் போன் போட்டு, "மா, மாத்திரை போட்டியா?" என்கிறாள். இன்று "போட்டேன்" என்றேன். போனை வைத்த பிறகு, நிஜமாகவே போட்டேனா என்று சந்தேகம் வந்தது. அட்டையைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், ஒன்று குறைந்திருக்கிறது. ஆனால் அது இன்றைக்குப் பிரித்ததா நேற்றைக்கா? அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பீர்கள்? நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கேட்டதெல்லாம் போலீஸ் விசாரணைதான்.

உங்களுக்குச் சுகர் ஒரு நாள் முந்நூறு, மறுநாள் அறுபது என்று ஆடத் தொடங்கியபோதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மனுஷன் எங்கேயோ இனிப்பு சாப்பிடுகிறார் என்று முடிவு கட்டினேன். உப்பளத்திலிருந்து திரும்பியதும் சட்டைப் பையைத் துழாவுவேன். வாயை முகர்ந்து பார்ப்பேன். "டீ குடிச்சீங்களா?" என்றால், "காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலடி" என்பீர்கள். சட்டையிலோ பன்னுத் தூள் ஒட்டியிருக்கும். வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அதே சமயத்தில்தான் உங்களோடு அளத்தில் வேலை செய்த தேவகி வந்து, "அக்கா, மேஸ்திரி ஒரே பாத்திக்கு ரெண்டு தரம் தண்ணி விடச் சொல்றாரு. விட்டாச்சுன்னா கத்துறாரு, இன்னான்னு பாருங்க" என்றாள். நான் பார்த்தேனா? இவள் உங்கள் மேஸ்திரி வேலைக்கு அடி போடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் கூனிமேட்டு டீக்கடைக்கே போய்விட்டேன். அளத்துக்குப் போகிற வழியில் இருக்கிற கடை, வேறு எங்கே போயிருப்பீர்கள்? பாய் வடை போட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்தேன்.

"பாய், எங்க வீட்டுக்காரருக்குச் சுகர்னு தெரிஞ்சும் இனிப்பு குடுக்குறீங்களே, நல்லா இருக்குதா?"

"டீல சர்க்கரையே போடறதில்லக்கா. பன்னுதான் கேட்டு வாங்கித் துன்றாரு. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். "இன்னிக்கி மட்டும் மூணு தரம் வந்துட்டாரு. மூணு தரமும், 'பாய், காலையில இருந்து டீயே குடிக்கல'ன்றாரு. இப்பதானே குடிச்சீங்கன்னா கோச்சிக்கிறாரு. டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. சுகரை இல்ல, தலைய."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வியாபாரம் நடக்கணும்னா என்ன கதை வேணா கட்டுவீங்க." அவர் முகம் சுருங்கிப்போனது. அதோடு விட்டேனா? நேரே அளத்துக்குப் போய், வரப்பில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், "இவருக்கு யாராவது இனிப்பு குடுத்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்." நீங்கள் உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றீர்கள்.

அந்தப் பங்குனி மாதத்துக் காலை வருகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

தினமும் காலையில் ஒரு இன்சுலின் ஊசி, நீங்களே போட்டுக்கொள்வீர்கள். ஒரு சிரிஞ்சை இரண்டாவது தடவை தொடமாட்டீர்கள், அதில் அவ்வளவு கறார். போட்டதை டப்பாவில் போடுவீர்கள். முந்தின நாள்தான் அந்த டப்பாவைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துக் காலி செய்து கொண்டுவந்திருந்தேன். அன்று நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "ஊசி போட்டீங்களா?" என்றேன்.

"போட்ட மாதிரி இருக்குது."

"போட்ட மாதிரின்னா? யாரை ஏமாத்துறீங்க? என் கண்ணு எதிர்ல போடுங்க."

என்னை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். சட்டையைத் தூக்கி, இன்னொன்று போட்டுக்கொண்டீர்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன், பாவி.

எட்டு மணிக்கெல்லாம் பாத்தி வரப்பில் சரிந்துவிட்டீர்கள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல். அளத்தில் யார் விழுந்தாலும் வெயில் அடித்துவிட்டது என்று உப்புப் போட்ட மோரைத்தானே கொடுப்பார்கள்? உங்களுக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். தேவகியின் பையில் கடலை மிட்டாய் இருந்ததாம். எடுத்தவள் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். "உங்களுக்கு பயந்துதான்க்கா வெச்சிட்டேன்" என்று பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஆள் விட்டு நான் ஓடி வருகிறேன், எனக்கு முன்னால் பாய் ஓடிக்கொண்டிருக்கிறார், கையில் ஒரு டம்ளர் சர்க்கரை. உங்கள் பக்கத்தில் மண்டி போட்டுச் சர்க்கரையைக் குழைத்துக் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "திட்டறதுன்னா அப்புறமா திட்டுங்கக்கா."

நீங்கள் கண் திறந்தீர்கள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் டப்பாவைத் திறந்தேன். இரண்டு கிடந்தன.

டாக்டர், "வண்டி, தேங்காய், சாவி" என்று மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். நீங்கள் எண்களையெல்லாம் ஒரே பக்கமாக நெருக்கி எழுதிவிட்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரல டாக்டர்" என்றீர்கள். கண்ணாடி உங்கள் மூக்கில் இருந்தது. அங்கேயும் நடிக்கிறீர்களோ என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று வார்த்தையைத் திரும்பக் கேட்டார். "தேங்காய்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நீங்க சொல்லாதீங்கம்மா" என்றார் டாக்டர். வெளியே வந்தபின் அவர் சொன்னது இதுதான். ரொம்ப வருஷச் சுகர் மூளையையும் தொடும். அடிக்கடி ஏறி இறங்கினால் இன்னும் மோசம். இப்படி மருந்தில் குளறுபடி வந்தாலே மறதியைச் சந்தேகிக்க வேண்டும்.

உலகத்தையே சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. நீங்கள் இருந்த மீதி இரண்டு வருஷமும் ஊசியை நானே போட்டேன், போட்டதை வேறு டப்பாவில் சேர்த்தேன். நெஞ்சு வலியில் நீங்கள் போனபோது அந்த டப்பா மட்டும் என்னிடம் நின்றுவிட்டது.

இன்று அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து கூனிமேட்டுக்குப் போனேன். பாயிடம் சொன்னேன், "ஒரே நாள்ல நான் ரெண்டு தரம் வந்து டீ கேட்டா என்கிட்ட சொல்லாதீங்க பாய். நான் நம்ப மாட்டேன், சண்டைக்கு வருவேன். என் பொண்ணுக்கு போன் பண்ணுங்க."

பாய் மேசை டிராயரைத் திறந்தார். மடித்த சிகரெட் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "மேஸ்திரி குடுத்தது. நீங்க சண்டைக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின வாரம். 'எனக்கு மறதி முத்துனா அவகிட்ட சொல்லுங்க பாய், ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, அவ பயந்துடுவா'ன்னாரு. அவரு போனப்புறம் காட்டினா நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு வெச்சிட்டேன்."

என்னைச் சமாதானப்படுத்த இவராகவே எழுதிக்கொண்டாரோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் எனக்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற உங்கள் பழக்கம். என் போன் நம்பர். கீழே உங்கள் கையெழுத்து: "என் வீட்டுக்காரி. கோவக்காரி. நம்பலன்னா திரும்பச் சொல்லவும்."

என்னங்க, உங்கள் மறதி உங்களுக்கே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் பொய் என்பேன் என்று அந்த மனுஷரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதையும் நான் கடைத்தெருவில் நின்று பொய் என்றேன்.

அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பாயிடம் பேனா வாங்கி, உங்கள் எழுத்துக்குக் கீழே மகளின் நம்பரை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'நம்பலன்னா திரும்பச் சொல்லவும்' என்ற வரியை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள்.