இரண்டே கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள குட்டைக்கு,

நெட்டை எழுதுகிறேன். தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. கம்பெனி மின்னஞ்சல் எல்லாம் என் பிரிவின் சர்வர் வழியாகத்தான் போகிறது. நம் வீட்டுக் கதைகளை அதில் எழுதினால் இங்கே பதினோரு பேருக்குப் பொழுது போகும்.

உன் மகள் மாசமாக இருக்கிறாளாமே. உன் வீட்டுக்காரர் போட்ட படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இதைக்கூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?

சரி, வேலைக்கு வருகிறேன். ஒன்பது நாடுகளில் இருக்கும் நம் கிளைகள், வேலைக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியலை இதுவரை தனித்தனியாக வைத்திருந்தன. ஒரு வெல்டர் மூன்று கிளைகளில் மூன்று பிறந்த தேதியோடு இருக்கிறார். மூன்று முறை பிறந்தவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஏப்ரல் 30-க்குள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்க வேண்டும். எட்டுக் கிளைகள் தந்துவிட்டன. உன் கிளை மட்டும் பாக்கி. மூன்று முறை அலுவலக முறையில் கேட்டும் பதில் இல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து விண்ணப்பம் தட்டிய காலத்தில் நீதான் எனக்கு முன்னால் முடிப்பாய். இப்போது என்ன ஆயிற்று?

உன்,
நெட்டை

ஜனவரி 28

அன்புள்ள நெட்டைக்கு,

மகள் விஷயத்தை மூன்று மாதம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். இந்த மனுஷனுக்கு வாயில் எதுவும் நிற்காது. கோபித்துக்கொள்ளாதே.

பட்டியல் தயாராகத்தான் இருக்கிறது. அனுப்பத்தான் கை வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலைக்கு இருபத்து மூன்று பெண்களை அனுப்பினேன். குளிர் அறையில் வேலை. தடித்த கையுறை தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. இரண்டு பேருக்கு விரல் கறுத்துவிட்டது. என்னிடம் வந்தார்கள். “நாங்க வேலைக்கு மாட்டேன்னு சொல்லல மேடம், கையுறைதான் கேட்கிறோம்” என்றாள் ஒருத்தி. ஆலைக்காரரிடம் பேசினேன். அவர் அசையவில்லை. ஒரு வாரம் கழித்து இருபத்து மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். “ஓடிப்போயிட்டாங்கன்னு போடுங்க, இல்லேன்னா வேற கம்பெனியைப் பார்த்துக்கிறோம்” என்றார் அவர். போட்டுவிட்டேன்.

இதுவரை அது என் கிளையோடு நின்றது. இனி ஒன்பது நாட்டிலும் அவர்கள் பெயரைத் தட்டினால் ‘ஓடிப்போனவர்’ என்று சிவப்பாக வரும், எந்தக் கிளையும் வேலை தராது. அந்த இருபத்து மூன்று வரிகளையும் சத்தமில்லாமல் எடுத்துவிடேன். உனக்கு ஒரு நிமிட வேலை.

உன்,
குட்டை

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

எடுக்க முடியாது. எந்த வரியை அழித்தாலும் யார் அழித்தார் என்று பதிவாகும், அது ஒன்று. அதைவிட முக்கியம், வரியை எடுத்தால் அந்தப் பெண்கள் அதற்கு முன் நம்மிடம் செய்த வேலையும் சேர்ந்து போய்விடும். நாளைக்கு அனுபவம் எங்கே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

திருத்தலாம். விதிமுறைப்படி, முதலில் பதிவு செய்த மேலாளர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மகளுக்கு வாந்தி குறைந்ததா?

நெட்டை

பிப்ரவரி 27

நெட்டைக்கு,

விதிமுறைப்படியா?

ஆட்கள் வேலையை விட்டால் கணினியில் பதிவோமே, அந்தப் பழைய படிவத்தைச் செய்தது யார் என்று நினைவிருக்கிறதா? அதில் இருந்தது இரண்டே கட்டம். ‘ஒப்பந்தம் முடித்தார்’, ‘ஓடிப்போனார்’. அன்றைக்கு உனக்குத்தான் போன் செய்தேன். “இவங்க முடிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. நான் எதை அமுக்கட்டும்?” என்று கேட்டேன். “இப்போதைக்கு ஏதாவது ஒண்ண அமுக்கு, அப்புறம் சரி பண்ணிக்கலாம்” என்றாய். அப்புறம் நீ பெரிய பதவிக்குப் போனாய். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

ஆலைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் நான் கையெழுத்திட்டால் என் மேலாளர் நாற்காலி போகும். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இவருக்கு இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வேலை இல்லை. உன் படிவம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குட்டை

மார்ச் 15

அன்புள்ள குட்டைக்கு,

நினைவிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். அதனால்தான் தாமதம்.

அன்று நான் வேறொரு கிளையில் சர்வர் மாற்றிக்கொண்டிருந்தேன். நீ பேசி முடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. இருபத்து மூன்று பேர் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

நேற்று எங்கள் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். “அந்தப் படிவத்துல குறை இருந்தது. அதைச் செஞ்சது நான். கேட்டவங்களுக்குத் தப்பா வழி சொன்னதும் நான்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதை எழுத்தில கொடுப்பீங்களா?” என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆனால் உன் கையெழுத்தை நான் போட முடியாது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த மேலாளர் நீ ஒருத்திதான். உன்னை நெருக்க மாட்டேன்.

உன்,
நெட்டை

ஏப்ரல் 20

அன்புள்ள குட்டைக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. 30-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவோம். அதன் பிறகு திருத்த இரண்டு நாட்டு அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நெட்டை

மே 19

நெட்டைக்கு,

29-ஆம் தேதி பட்டியலை அனுப்பி, உன் படிவத்திலும் கையெழுத்திட்டது உனக்குத் தெரிந்திருக்கும். திருத்தம் உன் திரைக்குத்தானே வந்திருக்கும். அதற்கு முன் நான் செய்ததை நீ அறிய மாட்டாய்.

இருபத்து மூன்று பேருக்கும் போன் செய்தேன். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். ஒருத்தி நம் கிளையில் மட்டும் நான்கு முறை விண்ணப்பித்திருக்கிறாள். நான்கு முறையும் ‘இடமில்லை’ என்று என் ஆட்களே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் சொல்லி முடித்ததும், “வேலைக்கு வெக்கிற பரீட்சையில நான் ஏதோ தப்பா எழுதிட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன் மேடம்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆலைக்காரர் புகார் கொடுத்தார். என்னை மேலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பாததற்கு நீ எழுதிக்கொடுத்ததுதான் காரணம் என்று இயக்குநரே சொன்னார். இப்போது முன் மேசையில் உட்கார்ந்து புதிதாக வருகிறவர்களின் விவரங்களைப் பதிவு செய்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்களில் ஒருத்தி வந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“நீங்கதானே அப்ப மேனேஜர்?”

“ஆமா.”

“இப்ப?”

“இப்ப உங்க விவரத்தை எழுதிக்கிறவ. உட்காருங்க.”

உட்கார்ந்தாள். பிறந்த தேதியைச் சொன்னாள். தட்டினேன். சிவப்பு வரவில்லை. அடுத்த மாதம் ஒரு மருத்துவமனையில் துணிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறாள். உன் புதிய பட்டியல் நன்றாக வேலை செய்கிறது. நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

நீ செய்தது சரி. அதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன். ஆனால் பதவிப் பலகையை மேசையிலிருந்து நானே கழற்றிய நாள் முதல் உன் கையெழுத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. இது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் போய்விடுகிறதா?

அதனால் கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. மகளுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். அதை உனக்கு வேறு யாரும் சொல்ல விடமாட்டேன். நானே எழுதுவேன்.

குட்டை