தகரம் தூக்குன காத்து

2004 ஜூலை 9

எனக்கும் பொஞ்சாதி ஜுலைகாவுக்கும் பாஸ்போர்ட்டு வந்துருச்சு. என் போட்டோவைப் பாத்துட்டு, "ஆட்டுச் சந்தையில கட்டிப்போட்ட மாதிரி முழிக்கிறீங்க"ன்னா. நான் முழிச்சது கேமராவுக்கு இல்லயே. மக இஃப்பத்துக்கு சார்ஜால தலைப்பிரசவம். ரெண்டு பேரும் வந்து பக்கத்துல இருங்கன்னு அழுவுறா. இருக்கணும்தான். ஆனா பிளேனுல இல்ல போவணும்.

வெங்காய மூட்டைய லாரியில ஏத்தவே நாலு ஆளு மூச்சு வாங்குறானுவ. அத்தாம் பெரிய இரும்பு எப்புடி நிக்கும்? மேல கயிறு இல்ல, கீழ முட்டு இல்ல. யாருகிட்ட கேக்குறது? ராஜாவை ஜின்னு தூக்கிட்டுப் போன கதைய டீக்கடையில நூறு தடவ சொன்னவன் நான். எனக்கே பயம்னா சிரிப்பானுவ.

எழுத்து நான் அறிவொளியில கத்துக்கிட்டது. டீச்சரம்மா சாந்தா, "தெனம் ஒரு வரி எழுதுங்க பாய்"னாங்க. ஒரு வரியோட நிறுத்த எனக்கு எங்க தெரியும்.

ஜூலை 13

மருமவன் இலியாசு போன் பண்ணுனாரு. சும்மா கேக்குற மாதிரி கேட்டேன்.

"றெக்கையோட மேல்பக்கம் வளைவா இருக்கும் மாமா. மேல போற காத்துக்கு தூரம் ஜாஸ்தி. கீழ போற காத்தோட போயி சேரணும்ல, அதான் வேகமா ஓடும். வேகமா ஓடுனா அழுத்தம் கொறையும். றெக்கை மேல ஏறிக்கும்."

"ஏன் சேரணும்? ரெண்டும் ஒரே பஸ்ஸைப் புடிக்கப் போவுதா?"ன்னேன்.

"பள்ளிக்கூடத்துல அப்புடித்தான் சொன்னாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு மாமா"ன்னாரு.

போச்சு. போயிட்டு வந்துட்டு இருக்குற ஆளுக்கே தெரியல.

ஜூலை 14

தூக்கம் இல்ல.

ஜூலை 20

பெரம்பலூர் பஸ்ஸு. கண்டக்டரு உடையார்பாளையத்துக்காரரு, அவரு தங்கச்சி கல்யாணத்துல முந்திரிப்பருப்பு போட்ட பாயசம் ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கேன், அது வேற கதை. ஜன்னல்ல கைய நீட்டிப் பாத்தேன். படுக்க வச்சா சும்மா கெடக்கு. கட்டைவெரல் பக்கத்த லேசா தூக்குனேன் — மொத்தக் கையும் மேல போவுது. நான் தூக்கல. அதுவா போவுது.

"பாய், கை வேணுமா வேணாமா?"ன்னாரு கண்டக்டரு.

ஜுலைகா பக்கத்து சீட்டு அம்மாகிட்ட, "சின்னப் புள்ளைய கூட்டியாந்துட்டேன்"னா.

ஜூலை 28

வாய் தவறி வந்துருச்சு. "நீ மட்டும் போயிட்டு வா, வெங்காயத்த யாரு பாக்குறது?"ன்னேன்.

"வெங்காயம் மக மாதிரி உங்கள அத்தா வாங்கன்னு கூப்புட்டுச்சா?"ன்னா. ராத்திரி வெறும் ரசஞ்சோறுதான் வச்சா. பதினெட்டாந் தேதிக்கு டிக்கெட்டு. அவ தனியா போனதும் இல்ல.

ஆகஸ்ட் 2

இன்னிக்கு எழுதியே ஆவணும். ஆடிக்காத்து வெங்காயக் கொட்டகைக் கூரையில ஒரு தகரத்தப் புடுங்கிட்டுப் போயி கம்பங்காட்டுல போட்டுருச்சு. கதவு சாத்தியிருந்துச்சு, சுவத்துல ஓட்டை இல்ல. உள்ள காத்தே போவல. அப்ப யாரு கீழேர்ந்து தூக்குனா? யாரும் தூக்கல. கூரை மேல வளைஞ்சு ஓடுன காத்துதான் மேலேர்ந்து இழுத்துருக்கு.

நானும் மூட்டை தூக்குற வைரக்கண்ணுவும் அந்தத் தகரத்த எடுத்துட்டு வந்தோம். நான் முன்னால, காத்து மூஞ்சியில. படுக்க வச்சே புடிச்சு வந்தோம், ஒண்ணுமில்ல. கொட்டகைப் பக்கத்து வாய்க்கா மேட்டுல ஏறுனேன், என் பக்கம் லேசா ஒசந்துச்சு. அவ்ளோதான். தகரம் என்னைக் குதிங்காலத் தூக்கி நிக்க வச்சுருச்சு.

"பாய் விடுங்க, போயிருவீங்க"ங்குறான் வைரக்கண்ணு. அவன் வேட்டி பூரா வெங்காயச் சருகு. தகரத்துல பட்ட காத்து கீழ திரும்பி, தரையில கெடந்த சருகையெல்லாம் அவன் மேல அடிச்சுருக்கு.

காத்து கீழ போச்சு. தகரம் மேல போச்சு.

ஆகஸ்ட் 3

கெணத்துல நீந்துறப்ப என்ன பண்றோம்? தண்ணியக் கீழ தள்ளுறோம், ஒடம்பு மேல வருது. றெக்கையும் அதான். மேல ஓடுற காத்தும் வளைஞ்சு கீழ எறங்குது, அடியில பட்ட காத்தும் கீழ எறங்குது. அத்தனை காத்தையும் கீழ தள்ளுனா பிளேன் மேல நிக்காம என்ன பண்ணும்? ஓடிக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான். இஞ்சின் நின்னாலும் பருந்து மாதிரி சரிஞ்சு சரிஞ்சு எறங்குமாம், இலியாசு சொன்னாரு. இத நம்பலாம். பருந்த நானே பாத்துருக்கேன்.

"நானும் வரேன்"னேன்.

"வெங்காயம்?"னா.

"வைரக்கண்ணு பாத்துப்பான்."

ராத்திரி கோழி.

ஆகஸ்ட் 18, சார்ஜா

பிளேன் ஓட ஆரம்பிச்சதும் ஜுலைகா என் கையப் புடிச்சா பாரு, நெகம் பதிஞ்ச எடம் இன்னும் எரியுது. "ஏங்க, இத எது தூக்குது?"ங்குறா. இம்புட்டு நாளா கேக்கவே இல்ல, இவளுக்கும் உள்ளுக்குள்ள இருந்துருக்கு.

"கெணத்துல நீந்துற மாதிரி"ன்னேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது"ன்னா.

"பஸ்ஸுல கைய நீட்டுனேன்ல, அதான்." கண்ணத் தொறக்கவே இல்ல.

எறங்குறப்ப றெக்கைக்குப் பின்னாடி ஒரு பலகை நீண்டு கீழ மடங்குச்சு. பிச்சுக்கிச்சுன்னு நான் சாவுறப்ப சொல்ற கலிமாவையே சொல்லிட்டேன். அப்பறம் வெளங்குச்சு — வேகம் கொறையுதுல, காத்தக் கூடுதலா கீழ தள்ளணும். அதுக்குத்தான் மடங்குது. இத அவகிட்ட சொல்லல. கலிமா சொன்னதையும் சொல்லல.

ஆகஸ்ட் 31

பேத்தி. அல்ஹம்துலில்லாஹ். இஃப்பத் ஒரு கையில என்னையும் ஒரு கையில அவ அம்மாவையும் புடிச்சுக்கிட்டே பிரசவ ரூமுக்குப் போனா. பேரு ஆஃப்ரா. காதுல பாங்கு சொன்னப்ப கொட்டாவி விட்டுச்சு. என் கதைக்கும் இப்புடித்தான் விடுமோ என்னமோ.

அக்டோபர் 8

ஊருக்குத் திரும்புறோம். இலியாசு காருல ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் முன் சீட்டு, ஜுலைகா பின்னால. பெரிய ரோடு, நல்ல வேகம். பின்னால கண்ணாடி எறங்குற சத்தம். பக்கவாட்டுக் கண்ணாடியில பாத்தேன். கைய வெளிய நீட்டி, கட்டைவெரல் பக்கத்த லேசா தூக்குறா.

"மாமி, கை"ன்னாரு இலியாசு.

"இருங்க மாப்ள. இப்பதான் தூக்குது"ன்னா.