நூலகத்துச் சரிவைப் பற்றி உபவேந்தரிடம் சொல்

ஓப்பநாயக்க,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனிற்றாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். இது நானே எழுதும் கடிதம். விஜயகலா டீச்சரின் மாலை வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்த பலன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது, ஆனாலும் பேனையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இங்கே விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு.

பல்கலைக்கழகத்திலிருந்து நீ போட்ட கடிதத்தையும் நானே வாசித்தேன். அதில் உபவேந்தர் என்ற சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது, அப்பா என்ற சொல் இரண்டு இடத்தில். மாடி வகுப்பைக் கீழே மாற்றினார், கழிவறைக் கதவை அகலமாக்கினார், நூலகத்துக்குச் சரிவு கட்டினார், சக்கர நாற்காலிப் பிள்ளைகளையும் கண் தெரியாத பிள்ளைகளையும் மாதம் ஒருமுறை கூப்பிட்டு என்ன குறை என்று கேட்கிறார். வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு படி, பதின்மூன்று வருடம் உன்னை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான். அந்த மனுசன் ஒரு கொத்தனாரை அனுப்பிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். அம்மாவிடம் சொன்னேன். பொண்ணுக்கு நாலு பேரு நல்லது செஞ்சா சந்தோசப்படுவாங்க, நீங்க என்னமோ சக்களத்தி மாதிரி பொருமுறீங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் அந்தச் சரிவு செங்குத்தாக இருக்கிறது, பாதியில் கை ஓய்ந்து யாராவது தள்ளும்வரை காத்திருக்கிறேன், என்னோடு படிக்கும் றிஸாத்தின் நாற்காலி பின்னால் உருண்டு அவனுக்குத் தலையில் அடி என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. பிள்ளை விழுந்ததற்கு இல்லை, அவர் வேலையில் பிழை இருந்ததற்கு. நாற்பது வருடம் தேயிலை மலையில் மண் அரிக்காமல் சரிவு பார்த்துத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவனுக்கு, அந்தப் படிப்பாளிக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்று நினைத்தேன். நீ விட்டுப்போன பழைய சக்கர நாற்காலியை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போனேன். அங்கே மூட்டை வண்டிக்குப் போட்ட சரிவு, ஒரு அடி உயரத்துக்கு ஆறு அடி நீளம். நானே உட்கார்ந்து கையால் உருட்டினேன். பாதியில் நின்றுவிட்டது, ஏறவும் முடியவில்லை, இறங்கவும் பயம். கொழுந்தோடு வந்த பக்கத்து வீட்டுப் புஷ்பம், தேரு கெளம்பிருச்சு போல, இழுக்க ஆளு வேணுமா மாமா என்று கேட்டாள். வேண்டாம், நீ போ என்று சொல்லிவிட்டேன். அங்கே மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் யோசித்தேன். பதின்மூன்று வருடத்தில், முதுகில் போவது உனக்குப் பிடிக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கிறார். என் பொறாமை அதற்குத்தான் மகள், சிமெந்துக்கு இல்லை.

பிறகு பலகை போட்டுப் பார்த்தேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டால் தன் கையாலேயே ஏறலாம். நடுவில் மூச்சு வாங்கச் சமமான இடமும் இரண்டு பக்கமும் பிடியும் வேண்டும். இவ்வளவு செய்தவரிடம் குறை சொல்ல வெட்கம், மாதக் கூட்டத்தில் பேசாமல் இருந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். குறை சொல்வது நன்றி கெட்ட வேலை இல்லை, நீ வாயை மூடிக்கொண்டால் அடுத்து இன்னொரு பிள்ளை விழும். நல்ல தலைவர் என்றால் கேட்டுத் திருத்துவார். முகத்தைச் சுளித்தால், அவரும் இவ்வளவுதான் என்று எனக்கும் கொஞ்சம் ஆறுதல்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனைந்தால் சக்கரத்துக்கு எண்ணெய் விட மறக்காதே. மாதா உன் கைக்குப் பலம் தரட்டும். கூட்டம் முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி விடாமல் எழுது. திருத்திக் கொடுத்துவிட்டார் என்றால் எனக்கு இன்னும் எரியும். எரியட்டும், மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும் அப்பா,
இருதயராஜ்