ஷாங்காய் ஆயாவின் பெயரில் ஒரு மன்னிப்பு

என்ர பொறுமைசாலி அம்மாவுக்கு,

நீங்கள் போய் ரெண்டு வருசமாகுது. இவ்வளவு நாளும் மனசுக்குள்ளதான் உங்களோட கதைச்சனான். நாளைக்கு ஒருத்திக்கு நான் பதில் சொல்லோணும். உங்களைக் கேளாமல் சொல்லப் பயமாக்கிடக்கு, அதுதான் எழுதுறன்.

ஃப்ராவ் அம்ஸ்லரின்ர பேத்தி நதாலி போன கிழமை ஓல்டன் ஸ்டேசன் கோப்பிக் கடையில என்னைச் சந்திச்சவள். ஓம், முதியோர் இல்லத்தில நீங்கள் மூண்டு வருசம் குளிக்கவாத்து, சாப்பாடு தீத்தின அதே அம்ஸ்லர் கிழவிதான். அவவின்ர குடும்பம் ஷாங்காயில இருந்த காலத்துப் படங்களை வைச்சு ஒரு கண்காட்சி செய்யப் போகினமாம். வெள்ளை உடுப்போட டென்னிஸ் விளையாடுற சுவிஸ்காரர், கிளப் வாசல், நத்தார் மரம், பட்டு வியாபாரக் கந்தோர். சீன வேலையாக்கள் முன்படியால ஏறக்கூடாதாம், அவைக்கெண்டு பின்னால ஒரு படி.

ஒரு படத்தில கிழவி சின்னப்பிள்ளையாய், தன்னை வளர்த்த சீன ஆயாவின்ர இடுப்பில இருக்கிறா. கீழ எல்லாற்ற பேரும் எழுதிக்கிடக்கு, நாயின்ர பேர் கூட. ஆயாவின்ர பேர் இல்லை. அவைக்கு அது தெரியாதாம்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். சண்டை வந்தோடன குடும்பம் சுவிஸுக்குக் கப்பலேறினது. ஆயாவைத் துறைமுகத்தில நிக்கச் சொல்லி, உனக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வாறம் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போட்டினம். அந்தப் பொய்யைச் சொல்ல அனுப்பினது அப்ப ஒன்பது வயசுப் பிள்ளையாயிருந்த இந்தக் கிழவியை. பிள்ளை சொன்னால் ஆயா நம்புவா எண்டு அவைக்கு நல்லாத் தெரியும்.

தொண்ணூறு தாண்டி ஞாபகம் குழம்பினாப்பிறகு, கிழவி உங்களைத்தான் அந்த ஆயா எண்டு நினைச்சா. ஒவ்வொரு மத்தியானமும் "கனநேரம் நிண்டனியோ?" எண்டு கேட்பா. "இல்லை, கொஞ்சநேரம்தான்" எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். அதுக்குப் பிறகுதான் சாப்பிட வாயைத் திறப்பா.

அதை நீங்கள் வீட்டில வந்து சொன்ன அண்டைக்கு நான் பாய்ஞ்சு விழுந்தது ஞாபகமிருக்கோ? வெக்கமில்லையோ, இன்னும் அவைக்கு வேலைக்காரியாய் நடிக்கிறீங்களோ எண்டு கத்தினன். யூனியில காலனித்துவம் படிச்ச திமிர். நீங்கள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்.

அடுத்தநாள் நடந்ததை நதாலி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிழவி கேட்க, நான் ஆயா இல்லை, இது சுவிஸில ஓல்டன் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். "அப்ப அவள் எங்க?" எண்டு கேட்டு அழுத மனுசி ரெண்டு நாள் ஒரு வாய் சாப்பிடேல்லையாம். மூண்டாம் நாள் நீங்கள் திரும்பவும் ஆயாவாகிட்டீங்கள். என்னட்ட ஏனம்மா சொல்லேல்லை? திரும்பவும் கத்துவன் எண்டோ? ஒரு கிழவி பட்டினி கிடந்தது என்ர வாயால. 

இப்ப நதாலி கேட்கிறது இதுதான். அந்தப் படத்துக்குக் கீழ, ஆயா கடைசியில் ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயால் மன்னித்துவிட்டாள் எண்டு எழுதப் போறாளாம். பக்கத்தில உங்கட படத்தை வைக்க என்ர சம்மதம் வேணுமாம். நல்ல பிள்ளை, கண் கலங்கிக்கொண்டுதான் கேட்டவள். பொய் சொல்லமாட்டன், உங்கட முகம் அந்தச் சுவரில இருக்கப்போகுது எண்டு எனக்கும் ஆசை வந்தது.

ஆனால் நீங்கள் ஆசுப்பத்திரியில கிடக்கேக்க நான் ஒருக்காக் கேட்டன், அந்தக் குடும்பத்தை மன்னிச்சிட்டீங்களோ எண்டு. என்னை ஏதோ விசரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தீங்கள்.

"அந்த மனுசி சாப்பிடோணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான், பிள்ளை. மன்னிக்க நான் ஆர்? துறைமுகத்தில நிண்டது நானோ?"

ஆயா எவ்வளவு நேரம் நிண்டாவோ, இருட்டினாப்பிறகு எங்க போனாவோ, ஆருக்கும் தெரியாது. நாளைக்கு நதாலியிட்ட இதைத்தான் சொல்லப்போறன். அம்மாவின்ர படத்தைத் தரமாட்டன். ஆயாவின்ர படத்துக்குக் கீழ, உங்கட குடும்பம் துறைமுகத்தில சொன்ன பொய்யை எழுதுங்கோ. மன்னிச்சதாய் எழுதாதையுங்கோ. அவள் அழுதாலும் சொல்லுவன், இந்தமுறை கத்தாமல் சொல்லுவன்.

நீங்கள் தீத்தின சோறு உங்கட இரக்கம். அதை ஆயாவின்ர மன்னிப்பு எண்டு ஆரும் எழுத விடமாட்டன், சத்தியமாய். ஆயா இன்னும் பதில் சொல்லேல்லை, அம்மா.

உங்கட வாய்க்காரி மகள்,
சுபா