வேப்பங்கட்டைக்குள் இருந்த ஆணி

உத்திரமேரூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் தினேஷ்குமாருக்கு, நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போனில் கூப்பிட்டால் "டூட்டில கீறேன் நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், எட்டு வருஷமாக உனக்கு அந்த அப்புறம் வரவே இல்லை, அதனால்தான் எழுதி, தோஹாவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி ஆல்பர்ட் கையில் கொடுக்கிறேன், முழுசாகப் படி.

புயலில் விழுந்த நம் கொல்லை வேப்பமரத்தில் பலகை போட்டு உன் அறைக்குக் கதவு செய்ய நினைத்தேன். மரம் அறுக்கும் சாமில்காரன் மரத்தைப் பார்க்காமலே "வூட்டு மரத்துல ஆணி கீதுபா, எங்க பிளேடு போய்டும்" என்று விரட்டிவிட்டான், இன்னா திமிர் பார். சரி, நீ அனுப்பிய மரம் அறுக்கிற மிஷின் இருக்கிறதே என்று நானே இறங்கினேன். நீ கூடவே அனுப்பிய வீடியோவில் வெள்ளைக்காரன் வெண்ணெய் போல அறுக்கிறான், அவன் மரத்தில் எவன் மனை விற்பனை போர்டு அடித்தான்? நான் பட்டையைச் சீவி, தடவித் தடவிப் பார்த்து, போர்டு ஆணி, கொடிக்கயிறு ஆணி என்று பதினொன்று பிடுங்கினேன். கட்டை மண்ணில் படாமல் தூக்கி வைத்து, உருளாமல் ஆப்பு கொடுத்து, முதல் அறுப்பு கோணாமல் போக மேலே அலுமினிய ஏணியைக் கட்டி அதன்மேல் மிஷினைத் தள்ளினேன். குறுக்கே வெட்டுகிற செயின் நீளவாக்கில் ஒழுங்காக ஓடாது, பல்லின் சரிவை மாற்றி அரம் போட வேண்டும் என்று நீயா சொன்னாய்? பட்டறை வெங்கடேசன்தான் சொன்னான். தூள் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தமாம், பலகைக்கு ஒருமுறை அரம் போடச் சொன்னான், போட்டேன்.

நாலாவது பலகையில் தூள் கறுத்து வந்தது. இரும்புதான் மரத்தை அப்படிக் கறுப்பாக்கும் என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் அசட்டையாக இருந்துவிட்டேன், மரம் வளர்ந்து மூடியிருந்த ஆணியில் பட்டுச் செயின் அறுந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது, ஏழு தையல். பன்னிரண்டாவது ஆணியை எவன் அடித்தான் என்று ஆஸ்பத்திரியிலேயே கத்தினேன். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது பக்கத்திலேயே நின்றிருந்த உன் அம்மா அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். "புள்ள பிளேன் ஏறின மறுநாளு நான்தான் பூசாரியாண்ட சொல்லி அடிச்சேன், அது கீற வரைக்கும் அவன் இந்த வூட்டுக்குத் திரும்பி வருவான்னாரு" என்கிறாள். என் காலைவிட ஆணி பெரிதா என்று கேட்டேன். கட்டையை யாரும் தொடக்கூடாது என்று ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது உன்மேல்தான், இந்த எட்டு வருஷத்தில் ஒரு தரம் வந்து முகம் காட்டியிருந்தால் அவள் ஏன் ஆணியை நம்பப் போகிறாள்?

அறுத்த மூன்று பலகையையும் வெடிக்காமல் இருக்க முனைக்குப் பெயிண்ட் அடித்து, காற்று ஓட நடுவில் மெல்லிய ரீப்பர் சட்டம் கொடுத்து நிழலில் அடுக்கியிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் ரொம்ப நிற்காதே, நூறு வயசு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மனசில் வை. இன்று காலை அவள் கண்ணயர்ந்தபோது அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன், உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இனி உன்னை இழுத்துவர இங்கே ஒன்றும் இல்லை, நீயாகத்தான் வரவேண்டும். நான் அவளிடம் சொல்வதற்குள் நீ வரும் தேதியைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் நைனா
வேதகிரி