கிளாம்ப்பை எடுத்த நிமிடம்

என் தங்கச்சியைக் கட்டி எனக்கு உயிரான மச்சான் சேகருக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வண்டி இரண்டு முறை ஸ்டார்ட் ஆகாமல் நின்றதே, அப்போதே சொன்னேன். மனசுக்குள் சொன்னேன், அவ்வளவுதான்.

உன் பெண் பவித்ராவின் கல்லீரலில் பாதியை உனக்கு எப்படி வைப்பார்கள் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தாம்பரத்திலேயே அது முதலில் புரிந்தவன் நான்தான். பழைய ஈரலை எடுக்கும்போது இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயை முழுசாக மூடமாட்டார்கள். ஓரமாகக் கிளாம்ப் போட்டுவிட்டு மீதியில் ரத்தத்தை ஓடவிடுவார்கள். குடலிலிருந்து வருகிற ரத்தத்தையும் தற்காலிகமாக அதிலேயே திருப்பிவிடுவார்கள்.

"பெருங்களத்தூர்ல பாலம் கட்டுறப்போ பாதி ரோட்டை மூடிட்டு மீதியில பஸ்ஸை விட்டான் பாரு, அதான் இது" என்றேன். மஞ்சள் பூத்த கண்ணோடு நீ சிரித்தாய். "அப்ப நான் ஊர் போய்ச் சேந்த மாதிரிதான் மச்சான்."

புது ஈரலைத் தைத்து, கிளாம்ப்பை எடுத்து, உள்ளே ரத்தத்தை விடுகிற நிமிடம்தான் கண்டம். பிரஷர் தடாலென்று இறங்கும். துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் நான்தான் விளக்கினேன். உனக்கு இறங்கியது. திரும்ப ஏறவே இல்லை.

பவித்ரா எழுந்து நடக்கிறாள். சிறுசேரி ஆபீசில் லீவை நீட்டியிருக்கிறாள். விஷயம் தெரிந்த அன்று வயிற்றுத் தையல்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, நான் குடுத்தது சரியில்லையா? அதனாலதான் அப்பா போயிட்டாரா?"

"பைத்தியமா உனக்கு? டாக்டரே என்கிட்ட சொன்னாரு. ரத்தம் பட்டதும் உன் ஈரல் செவசெவன்னு வேலையை ஆரம்பிச்சிடுச்சாம். அப்பா இதயம்தான் தாங்கலை" என்றேன்.

அன்று அரை இட்லி சாப்பிட்டாள். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். ஏன் பார்க்கிறாள் மச்சான்?

திங்கட்கிழமை அவளுக்குச் செக்கப். நான்தான் கூட்டிப் போகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். டாக்டரிடம் அவளே கேட்கட்டும். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஏனென்றால் டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. "பிரஷர் ஏறலை, எவ்வளவோ பண்ணிப் பாத்தோம்" என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்கினவன் மாதிரி தலையாட்டினேன், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஈரல் சிவந்தது நானாகச் சேர்த்தது.

உன் பெண்ணுக்குத் தாய்மாமன்,
கோதண்டம்